மதுரைக் கல்லூரிகளுக்கு ஓர் ஆட்டப் பருவம் வேண்டும்

2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடந்தது. மதுரையின் சேது எஃப்.சி. அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கணக்கில் வென்றது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. காரியாபட்டி பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றை நடத்துபவர்கள் 2016-இல் தொடங்கிய அணி அது.

செய்தியைப் படித்துப் பெருமைப்பட்ட மதுரைக்காரர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் ஒரு கல்லூரி அணியின் ஆட்டத்தை மைதானத்தில் நின்று பார்த்திருப்பார்கள்? குறை அவர்களுடையதல்ல. நம் கல்லூரிகளில் போட்டிகள் இருக்கின்றன, கோப்பைகளும் இருக்கின்றன. இல்லாதது ஆட்டப் பருவம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கே சொல்லிவிடும். எட்டுக் கல்லூரிகள் நாக்-அவுட் முறையில் மோதினால் மொத்தம் 7 ஆட்டங்கள். நான்கு அணிகள் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். ஆண்டு முழுக்க விடிகாலையில் எழுந்து பயிற்சி எடுத்த பையன், ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதே எட்டு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை ஆடினால் 28 ஆட்டங்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒவ்வோர் அணிக்கும் ஏழு. இந்த வாரம் தோற்றவன் அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்குவான். பருவம் என்பது இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சின்னஞ்சிறு கல்லூரிகள் இப்படித்தான் ஆடின. இலையுதிர் காலம் கால்பந்துக்கு, பனிக்காலம் கூடைப்பந்துக்கு. ரயிலேறிப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய் ஆடுவார்கள். அவர்களை அழைத்துத் தங்கள் ஊரில் ஆடுவார்கள். எதிரணி கிடைக்காத வாரத்தில் ஒய்.எம்.சி.ஏ. அணியோடு மோதுவார்கள். தோல்வியும் வெற்றியும் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். ஊருக்கே அணியின் பெயர் தெரியும்.

அந்தப் பழக்கத்தின் ஒரு பாதியான கூடைப்பந்தோடு மதுரைக்கும் உறவு உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1909-இல் வைகைக்கு வடகரையில் தல்லாகுளத்துக்கு வந்தது. டபிள்யூ.எம். ஜம்ப்ரோ முதல்வராக இருந்த காலம் அது. ஹென்றி இர்வின் வடிவமைத்த செங்கல் கட்டடத்தை இன்றும் மதுரை அண்ணாந்து பார்க்கிறது. அந்த மிஷனை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் தலைமையிடம் பாஸ்டன், அதாவது மாசசூசெட்ஸ் மாநிலம். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது.

1891 டிசம்பரில் பனி கொட்டிய நாட்களில், கூடத்துக்குள் அடைந்து கிடந்த 18 மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். அந்த முதல் ஆட்டம் முழுவதிலும் விழுந்தது ஒரே ஒரு கூடை. கூடைக்கு அடி இருந்ததால் பந்தை எடுக்க ஏணி வேண்டியிருந்தது. மறு ஆண்டே பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். பிறந்த சூட்டோடு பெண்களின் கைக்கும் போன ஆட்டம் அது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு சென்றவரும் அவர்தான். தடை ஓட்டக்காரர் சி.கே. லட்சுமணன் அந்த அணியில் ஓடினார். பக்கின் பள்ளியில் பயின்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அதுவரை 'லெஃப்ட் ரைட்' சொல்லிக்கொண்டிருந்த டிரில் மாஸ்டரின் இடத்தில், ஆட்டம் கற்றுத்தரும் பி.டி. வாத்தியார் வந்தார்.

அமெரிக்கக் கல்லூரிப் பருவத்தின் இரண்டு ஆட்டங்களில் கூடைப்பந்து ஒன்றுதான் கடல் தாண்டி இங்கே வேரூன்றியது. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய கால்பந்து வரவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலேயரின் கால்பந்து உட்கார்ந்துகொண்டது. 1911-இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தியபோது அது இந்தியர்களின் ஆட்டமாகவும் ஆனது. பனிக்கு ஒதுங்கிக் கூடத்துக்குள் பிறந்த கூடைப்பந்தோ தமிழ்நாட்டில் வானம் பார்த்த ஆட்டமாயிற்று. முதலில் மண் தரை, பிறகு சிமென்ட் கோர்ட்.

இவ்வளவும் வந்து சேர்ந்தது. பருவம் மட்டும் நம்மிடம் நிலைக்கவில்லை. தென்கோடிக் கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த நாட்களில் தூரத்தைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம். 1966-இல் மதுரைக்கே பல்கலைக்கழகம் வந்தபிறகு அந்தக் காரணமும் போயிற்று. ஆனாலும் மண்டலப் போட்டி என்று ஓரிரு நாட்களில் ஆடி முடித்து, சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைப்பதே வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்கள் எதிரணியினரும் நடுவர்களும்தான்.

மைதானத்துக்குக் கூட்டம் வராது என்பவர்கள் தை மாத ஜல்லிக்கட்டைப் பார்க்கட்டும். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். நோட்டீஸ் பார்க்காமலே மாவட்டத்துக்கு நாள் தெரியும். நாளும் இடமும் மாறாமல் இருந்தால் மதுரை தானாக வந்து நிற்கும். வைகை அணைக்கு அப்பால் பெரியகுளம் அதைக் கூடைப்பந்திலேயே காட்டியிருக்கிறது. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பல பத்தாண்டுகளாக அந்தச் சிற்றூர் விளக்கொளியில் உட்கார்ந்து பார்த்துவருகிறது. பெருநகரம் செய்யாததைத் தேனி மாவட்டத்து ஊர் ஒன்று செய்கிறது.

இடம் இல்லை என்பது அடுத்த பதில். நகருக்குள் கால்பந்துக்கு இடம் தேடுவது கஷ்டம்தான். ஆனால் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு, 28-க்கு 15 மீட்டர் கூடைப்பந்து ஆடுகளங்கள் பதினேழின் பரப்புக்குச் சமம். கட்டடங்களுக்கு நடுவே கார் நிறுத்த இடம் ஒதுக்கும் கல்லூரியால் ஒரு கோர்ட் போட முடியாதா? ஐந்து பேர் சேர்ந்தால் அணி. முந்நூறு பேர் படிக்கும் கல்லூரி, மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியைச் சமமாக நின்று எதிர்க்கக்கூடிய ஆட்டம் இது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சடுகுடு ஆடி வளர்ந்து வருகிற பிள்ளைகளுக்கு, ஏய்த்துத் திரும்பும் கால்வாகு ஏற்கெனவே இருக்கிறது.

படிப்பு கெடும் என்ற பேச்சும் வரும். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் பள்ளிகளில் தொடங்கி, அந்தப் பயம் கல்லூரி வரை பிள்ளைகளைத் துரத்துகிறது. வாரந்தோறும் சனிக்கிழமை மாலை மட்டும், ஏழு வாரங்கள். எந்த செமஸ்டர் இதனால் குலைந்துவிடும்? மாறாக, தோல்விக்குப் பின் ஒரு வாரம் யோசித்து, தப்பைத் திருத்தி, அடுத்த எதிரணிக்கு முன் நிற்பதை நாக்-அவுட் ஒருபோதும் கற்றுத்தராது.

மதுரையின் வானிலையே பருவத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கால்பந்து. ஐப்பசி மழையில் மைதானம் சேறாகும். டிசம்பர், ஜனவரி மாலைக் குளிரில் கூடைப்பந்து. சிமென்ட் தளம் ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.

எட்டு அணிகளைத் தேடி அலையவும் வேண்டாம். அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர், சௌராஷ்டிரா, வக்ஃப் வாரியம், யாதவர், பசுமலையின் மன்னர் திருமலை நாயக்கர், திருவேடகம் விவேகானந்தா என்று விரல்விட்டு எண்ணினாலே எட்டு. பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசுக் கல்லூரி, கூடவே காரியாபட்டியின் சேது. பெண்கள் பருவமும் அதே நாளில் தொடங்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

ஒவ்வொரு கல்லூரியும் தன் பழைய ஆண்டு மலர்களில் உள்ள விளையாட்டு அறிக்கைகளையும் அணிப் படங்களையும் கரையான் தின்னும் முன் ஸ்கேன் செய்து, பருவத்தின் தொடக்க நாளில் மைதானத்து ஓரம் பார்வைக்கு வைக்கட்டும். ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் முதல்வர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும். 28 ஆட்டங்களின் நாள், நேரம், மைதானம் ஒரே தாளில் அச்சாகி, மாட்டுத்தாவணியிலும் பெரியார் பஸ் நிலையத்திலும் தல்லாகுளத்து டீக்கடைச் சுவர்களிலும் ஒட்டப்பட வேண்டும். அடியில் ஒரு வரி: அனுமதி இலவசம், ஆட்டம் மாலை நாலரைக்கு.