விசிறிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று

தில்லி ஜனவரியில் விளக்கு வேண்டும், விசிறி வேண்டாம். மும்பையின் மே மாத இரவில் விசிறி வேண்டும், விளக்கு வேண்டாம். ஆனால் இரண்டு ஊர்களிலும் ஒரே ஸ்விட்ச் இரண்டையும் ஆளும் வீடுகள் உண்டு. தட்டினால் இரண்டும் வரும், அணைத்தால் இரண்டும் போகும். கீழே விளக்கு தொங்கும் அலங்கார மின்விசிறிகள் நடுத்தர வர்க்கக் கூடங்களுக்கு வந்த பிறகு இந்தச் சங்கடம் கூடியிருக்கிறது.

காரணம் எளிது. நம் வீடுகளில் கூரையிலுள்ள ஃபேன் பாயிண்ட்டுக்கு வழக்கமாக வருபவை இரண்டே கம்பிகள். ஸ்விட்சையும் ரெகுலேட்டரையும் தாண்டி வரும் ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. வீடு கட்டியபோது அங்கே விசிறி மட்டும்தான் என்று கணக்கு. புதிய விசிறியிலோ விளக்குக்கென்று தனிக் கம்பி இருக்கும். பொருத்த வந்தவர் அதையும் ஃபேன் கம்பியோடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போகிறார். வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. தொல்லை பத்து வருடம் நீடிக்கிறது.

தொல்லை என்பது வசதிக் குறைவு மட்டுமல்ல. சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும். குளிர்கால மாலைகளில் விளக்குக்காக அது தினம் 5 மணி நேரம் வீணாகச் சுற்றினால் மூன்று மாதத்தில் சுமார் 34 யூனிட். வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கவும் முடியாது. விளக்கும் ரெகுலேட்டரைத் தாண்டித்தானே இருக்கிறது? எல்.இ.டி. துடிக்கும், மங்கும், சீக்கிரமே செத்தும் போகும்.

சரியான வழி ஒன்றுதான். ஸ்விட்ச் போர்டிலிருந்து கூரைக்கு இன்னொரு ஃபேஸ் கம்பி. விசிறிக்கு ஒரு ஸ்விட்ச், ஒரு ரெகுலேட்டர். விளக்குக்குத் தனி ஸ்விட்ச், ரெகுலேட்டர் கிடையாது. நியூட்ரல் இரண்டுக்கும் பொது. விசிறியின் உடம்புக்குப் பச்சை எர்த். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போதும். விளக்குக் கம்பி மஞ்சள் நிறத்தில் இருந்தால், சிவப்பு விசிறிக்கம்பியோடு நாளை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் கம்பி இழுப்பதுதான் சிரமமான வேலை. பைப் சுவருக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் புதைந்திருக்கிறது. வளைவுகளில் கம்பி சிக்கும். இங்கேதான் குறுக்கு வழிகள் பிறக்கின்றன. அவற்றில் இரண்டு, உயிரோடு விளையாடுபவை.

முதலாவது, பச்சைக் கம்பியை ஃபேஸாக்குவது. "எர்த் சும்மாதானே கிடக்கிறது, விளக்குக்கு அதையே கொடுத்துவிடலாம்" என்பார்கள். விளக்கு அழகாக எரியும். நான்கு வருடம் கழித்து விசிறியை மாற்ற வருபவர் பச்சையைப் பார்த்தால் என்ன செய்வார்? எந்த எலெக்ட்ரீஷியனும் செய்வதைத்தான்: அதை விசிறியின் இரும்பு உடம்போடு இணைப்பார். அதன் பிறகு யாராவது விளக்கு ஸ்விட்சைப் போட்டால் விசிறி முழுவதும் 230 வோல்ட். நாற்காலியில் ஏறித் தூசி துடைப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

இரண்டாவது, நியூட்ரலைக் கடன் வாங்குவது. விளக்குக்கு ஃபேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்து, நியூட்ரல் அடுத்த அறையின் சர்க்யூட்டிலிருந்து. அடுத்த அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு அங்கே நியூட்ரல் இணைப்பைப் பிரிப்பவரின் கைக்கு, இந்த அறை பல்பின் வழியாக மின்சாரம் வந்து சேரும். இரண்டு சர்க்யூட்டுகளுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. இருந்தால் அது அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்ப்பதே அதன் வேலை. வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குத் துண்டித்துவிடும். 9 வாட் பல்பே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். விளக்கு போட்டதும் 'டிரிப்' ஆகிறதென்றால் கருவியைத் திட்டாதீர்கள். கழற்றி எறியவும் சொல்லாதீர்கள். கடன் வாங்கிய நியூட்ரலைத் தேடச் சொல்லுங்கள்.

இவற்றோடு ஒரு பழைய வியாதியும் உண்டு: ஸ்விட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைப்பது. விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும். பல்பு மாற்றும்போது விரல் தவறினால் போதும். அணைத்த பிறகும் எல்.இ.டி. மெலிதாக மினுங்குகிறதா? ஸ்விட்சிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு காரணமாக இருக்கலாம், பக்கத்துக் கம்பியின் பாதிப்பாகவும் இருக்கலாம். நியூட்ரலில் வைத்த ஸ்விட்ச்சாகவும் இருக்கலாம். எதுவென்று பார்த்துவிடுவது நல்லது.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் இன்வெர்ட்டர். வேலை தொடங்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக ஏணி ஏறுகிறோம். இன்வெர்ட்டரோ அதை மின்வெட்டு என்று நினைத்து பேட்டரியிலிருந்து மின்சாரத்தை அனுப்பத் தொடங்குகிறது. பெரும்பாலும் அது ஊட்டுவது ஃபேனையும் விளக்கையும்தான். ஆகவே மெயினோடு இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் துண்டித்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். டெஸ்டரையும் அதற்கு முன்பாக மின்சாரம் உள்ள ஒரு பாயிண்ட்டில் சோதித்துக்கொள்ள வேண்டும். புதிய விளக்குக் கம்பியும் விசிறி இருக்கும் அதே சர்க்யூட்டிலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் மின்வெட்டில் விசிறி சுற்றும், வீடு இருண்டிருக்கும்.

இதையெல்லாம் நாமே செய்துகொள்ளலாமா? 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் காலத்திலிருந்தே பதில் ஒன்றுதான். பல்பு, ஃபியூஸ், ஸ்விட்ச், விசிறி ஆகியவற்றை இருந்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். இணைப்பின் அமைப்பையே மாற்றும் வேலைக்கு மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும். 2010, 2023 ஆண்டுகளின் ஒழுங்குமுறைகளும் இதைக் கைவிடவில்லை. கம்பி இழுப்பது இந்த இரண்டாவது வகை.

பைப்பில் இடமே இல்லையென்றால்? சுவர் மேலேயே பி.வி.சி. பட்டை அடித்துக் கம்பி கொண்டுபோகலாம். அழகு கொஞ்சம் குறையும், ஆபத்து இல்லை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி, ரிமோட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. விசிறி. இருக்கும் இரண்டு கம்பிகளிலேயே விளக்கையும் விசிறியையும் தனித்தனியாக ஆளும் ரகங்கள் கிடைக்கின்றன. முழு வேகத்திலும் 30 வாட் அளவில்தான் இழுக்கும். ஆனால் அதற்கு முன்னால் ரெகுலேட்டர் இருக்கக் கூடாது. அதை நீக்கி நேராக இணைக்க வேண்டும். ரிமோட் அணைப்பது விளக்கை மட்டும்தான், கம்பியை அல்ல. பல்பைத் தொடுமுன் சுவர் ஸ்விட்சையும் அணைக்க வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் ஏணியை மடக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஸ்விட்சை அணைத்தால் ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறதா? விசிறியும் விளக்கும் ஒரே எம்.சி.பி.யில் அணைகின்றனவா? பச்சைக் கம்பி எர்த்தில்தான் இருக்கிறதா? செய்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். கூலியை அதன் பிறகு கொடுக்கலாம்.