சிறுகுறிஞ்சானை எங்களிடம் மறைக்க வேண்டாம்

நீரிழிவுக்காக எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம், "வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்று வினவினால், பெரும்பாலோர் "இல்லை" என்றே விடையளிக்கின்றனர். "சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுவதுண்டா?" என்று பெயர் சொல்லிக் கேட்டால், அவர்களுள் சிலர் உடன் வந்த உறவினரின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைக்கின்றனர். முதலில் சொன்ன விடை பொய்யன்று. கொடியிலிருந்து பறித்த இலையை அவர்கள் மருந்தாகக் கருதுவதில்லை. அது மருந்துதான் என்பதும், மருந்து என்பதாலேயே மருத்துவரிடம் சொல்லப்பட வேண்டும் என்பதும் எங்கள் கருத்து.

சர்க்கரைக்கொல்லி என்றும் வழங்கும் சிறுகுறிஞ்சான், மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளிட்ட தென்னிந்தியக் காடுகளில் மரங்களையும் புதர்களையும் பற்றிப் படரும் கொடி. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. (பாம்புக்கடிக்கும் இதன் வேரைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை நம்பி ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. நஞ்சுமுறி ஊசி உள்ள மருத்துவமனைக்கே உடனடியாகச் செல்ல வேண்டும்.) இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உதகமண்டலத்தில் பணியாற்றிய வேதியியலாளர் டேவிட் ஹூப்பர், இதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். அது நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, சிறிது நேரம் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது.

நாவில் இனிப்பு மறைந்ததைக் கண்டு, இரத்தத்திலும் சர்க்கரை மறைந்துவிட்டதாக நம்புவோர் உண்டு. இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள். பாகற்காயானாலும் வேம்பானாலும், கசப்பு என்ற சுவைக்கே இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் கிடையாது.

அதற்காக இக்கொடியில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இ.ஆர்.பி. சண்முகசுந்தரம் உள்ளிட்ட சென்னை ஆய்வாளர்கள் 1990ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, வழக்கமான மாத்திரைகளுடன் சிறுகுறிஞ்சான் இலைச்சாறு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுக்கப்பட்டது. சர்க்கரை அளவு குறைந்தது. மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. ஐவர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. மிகச் சிறிய ஆய்வு அது. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்டதும் அன்று. இதை வைத்துக்கொண்டு மாத்திரைக்கு மாற்றாக இலையைப் பரிந்துரைக்க நாங்கள் உடன்பட மாட்டோம். இன்சுலினை நம்பி உயிர்வாழும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள், இலையை நம்பி ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தக் கூடாது. ஆயினும், இந்த ஆய்வின் முடிவை நோயாளிகள் மற்றொரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். மாத்திரையுடன் இலையும் சேர்ந்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கக்கூடும். சென்னையில் மருத்துவர்களின் கண்காணிப்பில் மாத்திரை குறைக்கப்பட்டது. மருத்துவருக்கே தெரியாமல் பொடி உட்கொள்பவருக்கு அதை யார் குறைப்பது?

கலவையின் இயல்பைச் சிவகாசி வட்டார மக்களுக்கு நாங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளில் வெடிக் கலவைக்கும் மருந்து என்றே பெயர். பட்டாசுக் கலவையில் குளோரேட்டுடன் கந்தகம் சேர்வதை 1992ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு தடை செய்தது. தனித்தனியே வைத்துக் கையாளத்தக்க இரு பொருள்கள் ஒன்றுசேர்ந்தால் சிறு உராய்வையும் தாங்கா என்பது ஆலையில் வேலை செய்யும் எவருக்கும் தெரிந்ததே.

எங்கள் கவலையும் அந்த ஆலைகளைப் பற்றியதுதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், உணவு உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவர், இன்னும் நூறு உருப்படி முடித்துவிட்டு உண்ணலாம் என்று பகல் உணவைத் தள்ளிப்போடுகிறார். காலையில் மாத்திரையும் பொடியும் உட்கொண்டிருக்கிறார். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது கைந்நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். மேலும் இறங்கினால் அறிவு தடுமாறும். கோடை வெயிலில் வியர்வையை யாரும் பொருட்படுத்துவதில்லை. மருந்து செலுத்தும் அறையில் ஒருவருடைய கை நடுங்கினால் அது அவர் ஒருவரோடு முடிகிற துன்பமன்று.

கடையில் வாங்கும் பொடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட நீரிழிவுப் பொடிகளில் ஆங்கில மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்ததைப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்துள்ளன. ஒரு பொடியால் சர்க்கரை வியக்கத்தக்க வேகத்தில் இறங்கினால், மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். இலை வேண்டுவோர், அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் தகுதி பெற்ற மருத்துவரைக் கலந்து, இரு மருத்துவருக்கும் இரு மருந்தும் தெரியும்படி நடந்துகொள்ளலாம். சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் நோயாளிகளுக்கு இருப்பதை அறிவோம். அந்த அச்சத்தைப் போக்குவது மருத்துவரின் கடமை. கடிந்துகொள்ளும் மருத்துவரிடம் நோயாளி எதையும் சொல்லப் போவதில்லை.

அடுத்த முறை வரும்போது பொடிப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டைகளுடன் கொண்டு வாருங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மயக்க மருத்துவரிடமும் தவறாமல் காட்டுங்கள். வேலைக்குச் செல்வோரின் உணவுப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டி அளவு நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்தும் தெளியாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். சற்று முன்புதான் இலையை மென்றவருக்குக் குளுக்கோஸ் இனிக்காது. இனிக்கவில்லையே என்று துப்பிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள்.