திரைவழித் திருமறை

இணையவழியே பிரசங்கமும் கீர்த்தனையும் ஜெபமும் அனுப்புதல் திருச்சபையின் சிதைவு என்பர் ஒரு சாரார். இக்கூற்று வரலாற்றை மறந்த கூற்றாகும். சிறையிலிருந்து பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம், தொலைவிலிருந்து சென்ற பிரசங்கமேயன்றோ? 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், ஏப்ரல் 28 ஆம் திகதி இலங்கைக் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறுத் திருப்பலி நிறுத்தப்பட்டது. துயருற்ற மக்களின் இல்லங்களுக்குத் தொலைக்காட்சியே திருப்பலியைக் கொணர்ந்தது. 2020 இல் கொள்ளைநோய் ஆலயங்களை அடைத்தபோது இணையம் அப்பணியை ஏற்றது. இவற்றைச் சிதைவு என்பார் யார்?

ஆயின், கதவுகள் திறந்த பின்னரும் ஒளிபரப்பே போதும் என்போர் அதனினும் பெரிதாய்த் தவறுகின்றனர். பிரசங்கம் ஒருவழியே செல்லும், கீர்த்தனை செல்லாது. இணையத்தில் ஒலி தாமதித்தே சேர்வதால் பல வீட்டுக் குரல்கள் ஒரே தாளத்தில் இணையா. எனவே ஏனையோரின் ஒலிவாங்கிகள் அடைக்கப்படுகின்றன. ஒருவர் பாட, சபையார் வெறும் கேட்போராகின்றனர். நோயுற்ற முதியவரின் விண்ணப்பமோ எவர் செவியையும் எட்டுவதில்லை.

பவுல் நிருபத்தை மட்டுமா அனுப்பினார்? எப்பாப்பிரோதீத்து என்னும் உடன் ஊழியரையும் அனுப்பினார். வரமுடியாதார்க்குப் பிரசங்கத்தை அனுப்புக, ஆளையும் அனுப்புக. அவர்தம் படுக்கையருகே இருவர் நின்று பாடும்போதே அங்கு சபை உண்டாகும். பார்வையாளர் தொகை சபையன்று.