முன்பணம் என்னும் தூண்டில்



'பிள்ளை பிடிக்கிறவன் வருவான்' என்று சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். பெரிய மீசை, சிவந்த கண்கள், தோளில் ஒரு சாக்குப் பை... அவனை இப்படித்தானே நினைத்து வைத்திருக்கிறீர்கள்? ஆனால் மனிதர்களைக் கடத்துகிறவர்கள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. தெரிந்தவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பட்டப்பகலில், சிரித்த முகத்தோடு வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து நலம் விசாரிப்பார்கள். பிறகு பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டுவார்கள். அந்தப் பணத்துக்குப் பெயர் முன்பணம். அட்வான்ஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மலைமேல் இருக்கும் முக்கியமான ஊர் வெள்ளிமலை. அருவி பார்க்க உங்களில் சிலர் போயிருப்பீர்கள். சாமை, தினை, மரவள்ளிக் கிழங்கு, கடுக்காய், தேன் என்று அந்த மண் தருவது நிறைய. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். அவர்கள் பேசுவது தமிழ்தான்.

இந்த மலை பல தலைமுறைகளாக ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. ஆனால் கல்வராயன் மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது! அதனால் சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே அங்கே தாமதமாகத்தான் எட்டிப் பார்த்தன. அந்த மக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது என்றால், குறை எவ்வளவு என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

மழையை நம்பிய விவசாயம். அறுவடை முடிந்தால் வேலை இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பணத்துக்கு எங்கே போவது? சரியாக அப்போதுதான் மேஸ்திரியோ புரோக்கரோ வந்து முன்பணத்தை நீட்டுகிறார்.

வேலைக்காக வெளியூர் போவது தவறே இல்லை. உழைத்துச் சம்பாதித்து, நினைத்தபோது ஊர் திரும்ப முடிந்தால் அது பிழைப்பு. திரும்ப முடியாமல் போனால் அதற்குப் பெயர் கொத்தடிமை.

எப்படித் திரும்ப முடியாமல் போகும்? எங்கே, ஒரு கணக்குப் போடுங்கள் பார்க்கலாம்!

ஒரு குடும்பம் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து மாதக் கூலி 12,000 ரூபாய். சாப்பாட்டுச் செலவு என்று 7,000 ரூபாயை முதலாளி பிடித்துக்கொள்கிறார். வட்டி என்று 3,000 பிடிக்கிறார். மீதி 2,000 ரூபாய்தான் கடனில் கழிகிறது. 6 மாதத்தில் கழிந்தது 12,000. பாக்கி 18,000. நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மேலும் 6,000 வாங்குகிறார்கள். இப்போது கடன் 24,000! ஆறு மாதம் வெயிலில் வெந்தும் கடனில் குறைந்தது 6,000 ரூபாய்தான். 'கணக்கைத் தீர்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது' என்கிறார் முதலாளி. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? அதுவும் அவர் கையில்தான்! கல் எண்ணிக்கை கூடட்டும் என்று பத்து வயதுப் பிள்ளையும் மண் சுமக்க ஆரம்பிக்கிறது. பள்ளியில் அந்தப் பிள்ளையின் இடம் காலியாகிறது.

தூண்டில் ஒன்றுதான், இரைதான் இடத்துக்கு இடம் மாறும். பதின்ம வயதுப் பெண்களுக்கு, 'மில்லில் மூன்று வருடம் வேலை பார், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்' என்ற இரை. 'சுமங்கலித் திட்டம்' என்று அழகான பெயர் வேறு! மலைவாசிகளுக்கு, 'மரம் வெட்டினால் கை நிறையக் கூலி' என்ற இரை. கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, சித்தேரி மலை என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். செம்மரத்தால் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் பெரிய கைகள் காட்டுக்குள் வருவதே இல்லை. மாட்டிக்கொள்பவர்கள் கூலிக்குப் போனவர்கள்தான்.

இது பழைய தந்திரம், குழந்தைகளே. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் நம் மக்கள் தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். நடுவில் விட்டுவிட்டுப் போனால் சிறை! 1894-ல் டர்பன் நகரில், முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இளம் வழக்கறிஞர் காந்தியிடம் வந்து நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம், தமிழர். காந்தி அவரை அந்த முதலாளியிடமிருந்து மீட்டார்.

இன்று நமக்குச் சட்டம் இருக்கிறது. மனிதர்களை வணிகப் பொருளாக்குவதையும் கட்டாய வேலை வாங்குவதையும் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. கல்வராயன் மலை அரசின் கைக்கு வந்த அதே 1976-ல்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கொத்தடிமையாக வைத்திருக்கக் காரணம் காட்டும் அந்தக் கடனே செல்லாது! அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. மீட்கப்பட்டவர்களுக்கு அரசு விடுதலைச் சான்றிதழும் உதவித் தொகையும் தர வேண்டும். 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைப்பதும் குற்றம். 6 முதல் 14 வயது வரை கல்வி உங்கள் உரிமை.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? அதை நடத்திக் காட்ட மனிதர்கள் வேண்டும். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

பக்கத்தில் உட்காரும் நண்பன் திடீரென்று பல நாட்கள் வரவில்லையா? 'எங்கே போனான்?' என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரை அடித்துவிடுவது சுலபம். அந்தப் பெயருக்குரிய பிள்ளையைத் தேடுவதுதான் முக்கியம்.

உங்கள் வீட்டுக்கே யாராவது முன்பணத்தோடு வந்தால் அப்பா, அம்மாவிடம் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த இடம்? முதலாளி யார்? கூலி எவ்வளவு, கையில் எப்போது கிடைக்கும்? நினைத்தபோது திரும்பலாமா? நேரான பதில் வராவிட்டால் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம்.

எங்காவது ஒரு குழந்தை வேலையில் வதைபடுவதைப் பார்த்தால் நீங்களாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது, இரவு, பகல் எந்த நேரமும் பேசலாம்.

மீண்டு வந்த ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் சேர்ந்தால் வயதைச் சொல்லியோ, கையெழுத்தைப் பார்த்தோ கேலி செய்யாதீர்கள். விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு கேலிச் சொல் அந்தப் பிள்ளையை மறுபடியும் சூளைக்கே அனுப்பிவிடும்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பசியும் கடனும் இருக்கும் வீட்டைத் தேடித்தான் தூண்டில் வருகிறது. மலையிலேயே வேலையும், விளைபொருளுக்கு நல்ல விலையும், பஸ் வரும் சாலையும், நல்ல பள்ளியும் இருந்தால் மேஸ்திரி வெறும் கையோடு திரும்புவார். அதைச் செய்ய வேண்டியது நாம்தான், குழந்தைகள் அல்ல.

செல்வங்களே, நாளைக்கு உங்கள் வகுப்பில் காலியாக இருக்கும் இடத்தை ஒருமுறை பாருங்கள். 'அங்கே இருந்தது யார்?' என்று கேளுங்கள். கேட்பீர்கள்தானே?