கூண்டுக்குள்ளும் ஒப்பந்தக் கூலியே!

ராயபுரத்துக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் பெயரை உழைப்பாளி மக்கள் இன்றும் பெருமையுடன் சொல்லும் பகுதி இது. குத்தும் உதையும் மல்லும் கலந்த கூண்டுச் சண்டை இப்போது நம் இளைஞர்களை ஈர்க்கிறது. 2024 ஜூனில் அமெரிக்க யு.எஃப்.சி. கம்பெனியின் மேடையில் வென்ற முதல் இந்தியரானார் பூஜா தோமர். அவரை வாழ்த்துகிறோம்.

ஆனால் அடி வாங்குவது யார், லாபம் யாருக்கு? அக்கம்பெனி வீரர்களைத் தொழிலாளர் என்று ஒப்புவதில்லை. ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’ என்கிறது. நீண்ட ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டுக் கூலியைக் குறைத்ததாக 2014-ல் வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். பத்தாண்டு விடாமல் நின்றனர். 37.5 கோடி டாலர் தரக் கம்பெனி இணங்கியது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்றது.

எண்ணூரிலும் துறைமுகத்திலும் ஒப்பந்தக் கூலிகளாய் உழைப்போர் இந்தத் தந்திரத்தை அறியாதவர்களா? பெயரை மாற்றிப் பொறுப்பைக் கழற்றிவிடுவது முதலாளிகளின் பழைய வித்தை.

இளைஞர்களே! பயிற்சி பெறுங்கள், வெல்லுங்கள். ஆனால் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: எலும்பு முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? உடல் தளர்ந்தபின் சோறு எங்கே? தனி வீரனின் கேள்விக்குக் கம்பெனி செவிசாய்க்காது. கூண்டுக்குள் தனியாக நிற்கலாம். கூலி கேட்கும்போது சங்கமாகவே நிற்க வேண்டும்!