பத்து ஆட்டத்தில் பலம் தெரியுமா?



எங்கள் பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் பெருமிதத்தோடு வந்தான். வீட்டுக் கணினியில் இரண்டு சதுரங்க நிரல்களை மோதவிட்டானாம். பத்து ஆட்டங்கள், சமநிலை இல்லை, முடிவு 6-க்கு 4. "முதல் நிரல்தான் பலசாலி, ஐயா!" என்றான். உடன் வந்த அவன் தந்தையாரும், "கண்ணாலேயே பார்த்தோமே!" என்றார்.

கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

இரண்டும் சமபலம் உடையவை என்றே கொள்வோம். அப்போதும் பத்து ஆட்டங்களில் சரியாக 5-க்கு 5 வரும் வாய்ப்பு 25 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவே. நான்கில் மூன்று முறை ஏதோ ஒன்று 'வென்றதாக'த் தோன்றும். ஐயமிருப்பின், வகுப்பில் ஒவ்வொரு மாணவனையும் பத்து முறை நாணயம் சுண்டச் சொல்லிப் பாருங்கள். அதே விகிதம் 1,000 ஆட்டங்களில் 600-க்கு 400 என்று வந்திருந்தால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுகூட இல்லை!

பெரியவர்களும் இத்தவற்றைச் செய்தவர்களே. 1996-இல் காஸ்பரோவ் 'டீப் புளூ' கணினியை 4-க்கு 2 என வென்றார். 1997-இல் மேம்படுத்தப்பட்ட டீப் புளூ 3.5-க்கு 2.5 என வென்றது. போட்டியை வென்றது உண்மை. ஆனால் ஆறே ஆட்டங்கள், ஒரே புள்ளி வேறுபாடு! அதை வைத்து 'மனித மூளை தோற்றது' என உலகமே தீர்ப்பெழுதியது. பிற்காலத்தில் கணினிகள் மனிதரை மிஞ்சியது வேறு செய்தி. அந்த ஆறு ஆட்டங்கள் அதை மெய்ப்பிக்கவில்லை.

'ஸ்டாக்ஃபிஷ்' நிரலை வளர்ப்போரைப் பாருங்கள். 2013 முதல், தன்னார்வலர்களின் கணினிகளில், திருத்திய பதிப்பையும் பழைய பதிப்பையும் ஆயிரக்கணக்கில், சில வேளைகளில் பல்லாயிரக்கணக்கில் மோதவிடுகின்றனர். ஒரே தொடக்க நிலையை நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கின்றனர். போதிய சான்று சேர்ந்த பின்னரே திருத்தத்தை ஏற்கின்றனர்.

எண்ணிக்கை மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2017-இல் 'ஆல்ஃபாஸீரோ' ஸ்டாக்ஃபிஷுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28-இல் வென்றது, 72 சமநிலை, தோல்வியே இல்லை. இது தற்செயல் அன்று. ஆயினும் நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற விதி ஸ்டாக்ஃபிஷுக்குப் பாதகமானது என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் நியாயமானதே.

"ஆயிரம் ஆட்டம் ஆட யாருக்கு நேரம்?" எனக் கேட்பீர்கள். நேரமில்லையேல் தீர்ப்பும் வேண்டா; 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்லப் பழகுவோம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்படும்வரை, எட்டே மாணவர் தேர்வெழுதிய தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளையும் இப்படித்தான் தரம் பிரித்தோம். அங்கே ஒரு பிள்ளை சறுக்கினால் தேர்ச்சி 12.5 விழுக்காடு சரியும். 'பள்ளி கெட்டுவிட்டது' என்று பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிய பெற்றோரை நான் அறிவேன். தேர்வு போயிற்று; அந்தப் பழக்கம் போகவில்லையே!

மாணவனிடம், "இன்னும் 990 ஆட்டம் ஆடவிட்டு வா, தம்பி" என்றேன். கணினியை இரவெல்லாம் ஓடவிடத் தந்தையாரும் இசைந்துள்ளார். முடிவு எதுவாயினும் ஏற்போம்.

சிந்திப்போம், பெற்றோர்களே!