இஞ்சினை இறக்கறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கேளுங்கய்யா!

பிரேக்ஸ் இந்தியாவோட வார்ப்பாலை இருக்கிற ஊருங்க எங்க சோளிங்கர். இரும்போட சத்தம் புரிஞ்ச ஜனங்க. ஆனா காலைல கார் 'டக்டக்'னா மட்டும் தீர்ப்பு ரெண்டுதான்: "குளிருங்க, விடுங்க" இல்லைன்னா "இஞ்சினை இறக்கணும் சார்".

கோல்ட் ஸ்டார்ட்டுன்னா ஊட்டிப் பனி இல்லை மக்களே! சித்திரை மாசத்துலயும், ராத்திரி பூரா நின்ன இஞ்சின் 'கோல்ட்'தான். ஆயில் கீழே இறங்கியிருக்கும். மறுபடி மேலே ஏற ஓரிரு விநாடி ஆகும். அந்த நேரத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சு உறும விடறது வீரம் இல்லை, தேய்மானம்.

'கிரீச்'னா பெரும்பாலும் பெல்ட். 'டக்டக்'னா முதல்ல ஆயில் அளவைப் பாருங்க. அது சரியா இருந்தா டேப்பெட்; புஸ்புஸ்னும் சேர்ந்து கேட்டு, சூடானதும் அடங்கினா எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக்கா இருக்கலாம். ஓரிரு விநாடி 'கடகட'ன்னா டைமிங் செயின், ஆயில் ஃபில்டர் ரெண்டையும் சந்தேகப்படணும். அடியிலேர்ந்து 'டொக் டொக்'னு வந்து, சூடானாலும் நிக்கலையா? பேரிங்கா இருக்கலாம். உடனே ஆஃப் பண்ணுங்க, ஓட்டாதீங்க.

என் கோபம் இதுதான். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்த வண்டில காலைச் சத்தத்தைத் தேடறது, முழிச்சிட்டு இருக்கறவன்கிட்ட குறட்டையைத் தேடற மாதிரி! வண்டியை முதல்நாள் சாயங்காலமே விட்டுட்டு வாங்க. மறுநாள் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக் தன் காதால கேக்கட்டும். முடியலையா, செல்ஃபோன்ல பதிவு பண்ணிக் காட்டுங்க.

கேக்காமலே "இறக்கணும்"கிறவர்கிட்ட சாவியைக் கொடுக்காதீங்க. அவ்ளோதான்!